இடது கை மட்டும் பாக்கி

பண்டாரவளையில் மச்சாளுக்குத் தையில் பிள்ளை.
அங்கே குளிராம்.
இங்கே கல்லடியில் ஃபேனுக்குக் கீழே
வியர்த்த விரலில் நூல் ஒட்ட ஒட்ட
மஞ்சள் சுவெட்டர் பின்னுகிறேன்.
முன்பக்கம் சரி, பின்பக்கம் சரி,
வலது கை போன கிழமை முடிந்தது.

நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று,
அம்மா, நண்டுக்கு முதுகு எது?
நாற்பத்து...
அம்மா, தம்பி பவுடர் திங்கிறான்.
மறுகா ஒன்றிலிருந்து.

தக்ஷிதா எண்ணப் பழகியது என் வாயிலிருந்துதான்.
நாற்பதிலிருந்து ஐம்பது வரை தண்ணீர் பட்ட பாடு.
நேர்சரியில் மிஸ்
ஒன்றுக்குப் பிறகு என்னவென்று கேட்டால்
முழிக்கிறாளாம்.

கண்ணி என்றுதான் இதைச் சொல்கிறோம்.
நான் இவளளவு இருக்கும்போது
அந்தச் சொல்லின் வாலில் இன்னொரு சொல் வரும்;
பாதையை விட்டு இறங்காதே என்பா அம்மா.
“கண்ணி விழுந்திட்டாம்மா?” என்கிறாள் மகள்.
விழுந்தது ஒரு மஞ்சள் வளையம்.
ஊசி முனையால் தூக்கிவிடலாம்.

ஞாயிறு.
சதாகரன் அண்ணனின் ஓட்டோவை இரவல் வாங்கி வந்தார்.
“பாசிக்குடா. அந்த ஊசியை வீட்டில வைச்சிட்டு வா.”
ஓம் என்றேன்.
புட்டு, பொரித்த மீன், துவாய் மூன்று,
சின்னவனுக்கு ரெண்டு காற்சட்டை, யோசித்து இன்னும் ரெண்டு,
எல்லாத்துக்கும் அடியில்
ஷொப்பிங் பையில் சுற்றிய இடது கை.

ஏறாவூர் தாண்ட ஆறு வரி.
செங்கலடிச் சந்தியில் மாடு குறுக்கே,
இரண்டு வரி பிரித்தேன்.
முன் கண்ணாடிக்குள் அவர் கண் என்னைப் பார்த்தது.
ஏச்சு வரும் என்று நினைத்தேன்.
அதற்குப் பிறகு கிரான் வரைக்கும்
“பள்ளம்” என்பார்,
நான் ஊசியை நிறுத்துவேன்.
“சரி” என்பார்,
தொடருவேன்.
வேறு கதை இல்லை.

பாசிக்குடாவில் கடல் முழங்காலைத் தாண்டாது.
தகப்பனும் மகளும் தூரத்தில் இரண்டு தலை.
நான் பாயில் இருந்து
அந்த இரண்டையும் ஒரு கண்ணால்,
வரியை ஒரு கண்ணால்.
மூன்றாவது கண் இல்லாததால்
நிவேக் நூற்பந்தோடு நடந்து போனது தெரியவில்லை.

மடியிலிருந்து நூல் ஓடத் தொடங்கியபோதுதான்
நிமிர்ந்தேன்.
ஈர மணலில் ஒரு மஞ்சள் கோடு.
ஆட்கள் கால் தூக்கிக் கடக்கிறார்கள்.
ஐஸ்கிரீம் சைக்கிள்காரர் பெல் அடித்து நின்றுவிட்டார்.
கோட்டின் அந்த நுனியில்
ஒன்றரை வயது,
அலைக்குப் பந்தை நீட்டி
“இந்தா, இந்தா” என்கிறது.

ஓடினேன்.
ஒரு கையில் ஊசி, மறு கையில் பாவாடை,
வாயில் அவன் பெயர்.
தூக்கிய பிறகுதான் பார்த்தேன்:
பாதி சுவெட்டர்க் கை
என்னோடு இழுபட்டு வந்து
கடலில் நனைந்து கிடந்தது,
உள்ளே ஒரு சிப்பி.
தக்ஷிதா அதை எடுக்க விடவில்லை.
“அது பாப்பாவின்ர கை.”

அன்றிரவு கொடியில்
நாலு சின்னக் காற்சட்டை,
அவற்றுக்கிடையே உப்புச் சிக்கலாய் நூல்.
மச்சாள் போன் எடுத்தா. முடிஞ்சிதா?
ஒள்ளுப்பம் கிடக்கு என்றேன்.
முழுக்கப் பிரித்துவிட்டேன் என்று
எப்படிச் சொல்ல.

பதினொரு மணி. இரண்டும் தூக்கம்.
சதாகரனும் வாய் பிளந்து.
புதிதாய்ப் போடுகிறேன்.
எவ்வளவு அலசியும்
விரலுக்குள் நறநறவென்று மணல்.
அதையும் சேர்த்தே பின்னுகிறேன்;
பண்டாரவளைக்குப் போகட்டும் ஒரு சிட்டிகைக் கடல்.

நாற்பத்துநாலு.
நாற்பத்தைந்து.
நாற்பத்தாறு.

“நாற்பத்தொன்பது”
என்று புரண்டு படுத்தாள் மகள்,
கண் திறக்காமல்.

மறுகா ஒன்றிலிருந்து.